பேட்ச் ஃபைலில் ஃபார் லூப்: அடியிலிருந்து கற்க எதைப் படிக்கலாம்?

செண்பகம்

எல்லோருக்கும் வணக்கம். ஸ்கேன் செய்த ஆவணங்களை ஒழுங்குபடுத்தி வைப்பது என் வேலை. 34 ஃபோல்டர்கள், மொத்தம் 1,400க்கும் மேற்பட்ட பிடிஎஃப் கோப்புகள். எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் 001, 002, 003 என்று அதே பெயர்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னாலும் அது இருக்கும் ஃபோல்டரின் பெயரைச் சேர்க்க வேண்டும். கையால் இரண்டு ஃபோல்டர்களை முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விட்டது.

கூட வேலை செய்பவர் ஒருவர், "ஃபார் லூப் போட்டால் இரண்டு நிமிட வேலை" என்றார், ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்ட வைக்கும் வழியாம். அன்றிலிருந்து தேடுகிறேன். பார்த்த வீடியோக்கள் எல்லாம் 1 முதல் 10 வரை திரையில் எழுதிக் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. ஓர் இடத்தில் கிடைத்த வரியைக் கமாண்ட் பிராம்ப்டில் (விண்டோஸின் கட்டளைத் திரை) ஒட்டினேன், ஓடியது. அதையே பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து ஓட்டும் கோப்பு) வைத்து ஓட்டினால் "ஐ வாஸ் அன்எக்ஸ்பெக்டெட் அட் திஸ் டைம்" என்று நின்றுவிடுகிறது. ஒரே வரி அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை. ஏன் என்று புரியவில்லை.

அலுவலகக் கணினியில் புதிதாக எதையும் நிறுவ அனுமதி கிடையாது. முழு ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த மாதமும் இதே மாதிரி வேலை வரும், நானே எழுத வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம்?

கருந்திரை

வாங்க செண்பகம். முதலில் அந்தப் பிழையை முடித்துவிடுவோம். (கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்பாக எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். லூப் மாறி, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பு மாறும் பெயர், எப்போதும் ஒற்றை எழுத்துதான்.)

பிராம்ப்டில் நேராகத் தட்டினால் மாறிக்கு ஒரு சதவீதக் குறி: %ஐ. பேட்ச் ஃபைலுக்குள் இரண்டு: %%ஐ. ஃபைலுக்குள் ஒற்றைக் குறி போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உங்கள் வரி இப்படி இருந்திருக்கும்:

ஃபார் %ஐ இன் (*.பிடிஎஃப்) டூ எக்கோ %ஐ

இதைப் படிக்கும் சிஎம்டி (கமாண்ட் பிராம்ப்டை இயக்கும் நிரல்), முதல் சதவீதக் குறிக்கும் அடுத்த சதவீதக் குறிக்கும் நடுவில் இருக்கும் மொத்தத்தையும் ஒரு மாறியின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒரு மாறி கிடையாது, ஆகவே அந்தத் துண்டையே நீக்கிவிடுகிறது. மிஞ்சுவது "ஃபார் ஐ" மட்டும். அதனால்தான் "இந்த இடத்தில் ஐ வரும் என்று எதிர்பார்க்கவில்லை" என்கிறது. பிராம்ப்டில் போய் இரட்டைக் குறி போட்டாலும் இதே மாதிரி ஒரு பிழை வரும், ஆனால் அப்போது "%%ஐ" என்று முழுதாகக் காட்டும். பிழையின் முதல் சொல்லைப் பார்த்தே எந்தப் பக்கம் தவறு என்று சொல்லிவிடலாம்.

இனி எதைப் படிப்பது என்ற கேள்வி. வெளியே தேடுவதற்கு முன்னால் உங்கள் கணினியிலேயே இருப்பதைப் படியுங்கள். பிராம்ப்டில் "ஃபார் /?" என்று தட்டினால் பல திரை நீளத்துக்கு விளக்கம் வரும். திரையில் படிப்பது சிரமம், "ஃபார் /? > ஃபார்.டிஎக்ஸ்டி" என்று ஒரு கோப்பில் இறக்கி நோட்பேடில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மொழிநடை வறண்டிருக்கும். ஒரே மூச்சில் படித்தால் யாருக்கும் ஏறாது. நான் சொல்லிக்கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரே யோசனைதான் சொன்னேன்: ஒரு பத்தி படியுங்கள், உடனே எக்கோ (திரையில் எழுதிக் காட்டும் கட்டளை) வைத்து அதை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்த பத்தி.

வரிசையும் முக்கியம். முதலில் எந்தச் சுவிட்சும் (சாய்கோட்டோடு வரும் கூடுதல் குறி) இல்லாத வெறும் ஃபார். பிறகு /எல், அது வெறும் எண்ணிக்கை: (1,1,10) என்றால் ஒன்றில் தொடங்கு, ஒவ்வொன்றாகக் கூட்டு, பத்தில் நிறுத்து. பிறகு ஃபோல்டர்களுக்கான /டி, உள்ளே உள்ளே போகும் /ஆர். கடைசியாக /எஃப். அதுதான் கடினமானது, அதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவதும்.

இளவேனில்

இவ்வளவு சிரமம் எதற்கு? மைக்ரோசாஃப்டின் புதிய கட்டளை மொழியான பவர்ஷெல் 2006இலேயே வந்துவிட்டது. இன்றைய விண்டோஸில் அது கூடவே வருகிறது, எதையும் நிறுவ வேண்டாம். ஃபார்ஈச்-ஆப்ஜெக்ட் என்று ஒன்று கற்றால் போதும், இந்தச் சதவீதக் குறித் தொல்லையே இருக்காது.

கருந்திரை

இளவேனில், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நானும் பவர்ஷெல்லைச் சொல்வேன். ஆனால் பல அலுவலகக் கணினிகளில் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஃபைல்களை ஓட்டத் தடை இருக்கும். சாதாரண விண்டோஸின் இயல்பான அமைப்பே அப்படித்தான், கட்டளையைத் தட்டலாம், ஃபைலாக ஓட்ட முடியாது. அதை மாற்ற அனுமதி கேட்டு அலைய வேண்டும். பேட்ச் ஃபைல் அப்படியே ஓடும். தவிர, ஓர் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் பேட்ச் ஃபைல்களைப் படித்துப் புரிந்துகொள்ளவும் ஆள் வேண்டும். அவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்வோம்.

யாழினி

செண்பகம், நான் கற்றபோது எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

எஸ்எஸ்64 என்ற தளம்தான் எனக்கு முதல் இடம். சிஎம்டி கட்டளைகளை அகர வரிசையில் வைத்திருப்பார்கள். ஃபார் கட்டளையை ஒரே பக்கத்தில் கொட்டாமல் /டி, /ஆர், /எல் என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். /எஃப் மட்டும் இரண்டு பக்கம்: கோப்பைப் படிப்பது ஒன்று, இன்னொரு கட்டளையின் வெளியீட்டைப் படிப்பது ஒன்று. இந்தப் பிரிவினை ஒன்றே எனக்குப் பாதிக் குழப்பத்தைத் தீர்த்தது. உதாரணங்கள் சின்னவை, அப்படியே எடுத்து ஓட்டலாம்.

மைக்ரோசாஃப்ட் லேர்னில் ஃபார் கட்டளைக்குப் பக்கம் உண்டு. அதிகாரப்பூர்வமானது, ஆனால் பெரும்பாலும் கருந்திரை அண்ணா சொன்ன அந்த உதவித் திரையில் இருப்பதுதான். ராப் வான் டெர் வூடின் ஸ்கிரிப்டிங் பக்கங்கள் நன்றாக இருக்கும், டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்திலிருந்து எது எப்போது மாறியது என்பதும் அங்கே தெரியும். கொஞ்சம் கைவந்த பிறகு டாஸ்டிப்ஸ் பக்கம் போங்கள். முதல் வாரமே போக வேண்டாம், மிரட்சிதான் வரும். சிஎம்டி ஒரு வரியை எப்படிப் படிக்கிறது என்று கட்டம் கட்டமாக விளக்கும் நீண்ட பதில் ஒன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இருக்கிறது. அதையும் சேமித்து வையுங்கள், சில மாதம் கழித்துப் படித்தால் ஒவ்வொரு வரியும் பழைய அடி ஒன்றை நினைவுபடுத்தும்.

ஓர் எச்சரிக்கை. பழைய டாஸ் பாடங்களில் சிக்கிக்கொள்ளாதீர்கள். எம்எஸ்-டாஸின் கமாண்ட்.காமில் ஃபார் இருந்தது, ஆனால் /எஃப், /எல் எதுவும் கிடையாது. அவை விண்டோஸ் என்டி வழியில் வந்த சிஎம்டியில்தான் சேர்ந்தன. பாடம் கோட்டோ (ஓர் இடத்துக்குத் தாவும் கட்டளை), லேபிள் (அந்த இடத்துக்கு வைத்த பெயர்) என்று மட்டுமே சுற்றிச் சுற்றி வந்தால் அது டாஸ் பாடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செண்பகம்

கருந்திரை ஐயா, யாழினி, இருவருக்கும் நன்றி. இரட்டைச் சதவீதக் குறி போட்டதும் ஓடிவிட்டது. ஏன் என்பதும் புரிந்ததில் மனசு லேசானது. நான்கு நாளாக ஒரு பத்தி, ஓர் ஓட்டம் என்று போகிறேன்.

இப்போது புதிய சிக்கல். ஃபோல்டர்களை எண்ணிப் பார்க்கலாம் என்று இப்படி எழுதினேன்:

செட் என்=0
ஃபார் /டி %%டி இன் (*) டூ (
  செட் /ஏ என்+=1
  எக்கோ %என்% %%டி
)
எக்கோ மொத்தம் %என்%

ஒவ்வொரு வரியிலும் 0 என்றே வருகிறது. கடைசி வரியில் மட்டும் சரியாக 34. கூட்டல் நடக்கிறதா இல்லையா?

நெய்தல்

கூட்டல் நடந்துகொண்டேதான் இருந்தது. உங்களுக்குக் காட்டியதுதான் பழைய மதிப்பு.

பேட்ச் கற்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. இதை மட்டும் அவசரப்படாமல் புரிந்துகொள்ளுங்கள், மற்றவை தானாக வரும்.

அடைப்புக்குறிக்குள் எத்தனை வரி எழுதினாலும் சிஎம்டிக்கு அது ஒரே கட்டளை. தொடக்க அடைப்புக்குறியைப் பார்த்ததும் முடிவு அடைப்புக்குறி வரை மொத்தமாகப் படிக்கிறது. படிக்கும்போதே %என்% என்று இருக்கும் இடத்தில் அப்போதைய மதிப்பை எழுதிவிடுகிறது. அந்த நேரத்தில் மதிப்பு 0. ஆக, லூப் ஓடத் தொடங்கும் முன்பே உங்கள் வரி "எக்கோ 0 %%டி" என்று ஆகிவிட்டது. 34 முறை ஓடினாலும் 34 முறை 0தான். கணக்குப் போடும் செட் /ஏ மட்டும் எப்படிச் சரியாக நடந்தது? அதில் நீங்கள் சதவீதக் குறி போடவில்லை. வெறும் பெயரைக் கொடுத்தால் அது ஓடும் நேரத்தில் மதிப்பை எடுத்துக்கொள்ளும். லூப்புக்கு வெளியே இருக்கும் கடைசி வரி தனிக் கட்டளை, அதை லூப் முடிந்த பிறகுதான் படிக்கிறது, அதனால் 34.

இதற்கு மருந்து விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது. மேலே "செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பான்ஷன்" என்று ஒரு வரி. உள்ளே %என்% என்பதற்குப் பதில் !என்!. ஆச்சரியக்குறிக்குள் இருப்பதை ஓடும் நேரத்தில்தான் மாற்றும்.

ஆனால் இதை எல்லா ஸ்கிரிப்டிலும் கண்ணை மூடிக்கொண்டு மேலே போட்டுவிடாதீர்கள். இந்த வசதி இயங்கும்போது கோப்பின் பெயரிலேயே ஆச்சரியக்குறி இருந்தால் அந்தக் குறி காணாமல் போய்விடும். அப்புறம் "கோப்பு இல்லை" என்று பிழை வரும், காரணம் கண்ணில் படாது. கோப்புப் பெயரோடு வேலை செய்யும் இடத்தில் இன்னொரு வழி பாதுகாப்பானது: உள்ளே நேராக எழுதாமல் "கால் :வேலை "%%எஃப்"" என்று ஒரு லேபிளை அழைப்பது. லேபிளுக்குக் கீழே ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் படிக்கப்படும், %~1 என்று பெயரை எடுக்கலாம், சாதாரண %என்% சரியாகவே வரும், முடிவில் லூப்புக்குத் திரும்ப "எக்ஸிட் /பி". கொஞ்சம் மெதுவாக ஓடும், 1,400 கோப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சதவீதக் குறியோ ^ குறியோ உள்ள பெயர்களுக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது.

இன்னொன்று, அடைப்புக்குறிக்குள் குறிப்பு எழுத இரட்டை முக்காற்புள்ளி (::) போடாதீர்கள். சில இடங்களில் லூப்பே உடையும். ரெம் போடுங்கள்.

வேலவன்

நானும் இரண்டு அனுபவங்களைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது ஒரு நாள் மிச்சமாகட்டும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் மாதக் கணக்குகளை நகர்த்தும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். ஜனவரி முதல் ஜூலை வரை அழகாக ஓடியது. ஆகஸ்டில் நின்றது. காரணம், மாதத்தை 08 என்று இரண்டு இலக்கமாகக் கொடுத்து செட் /ஏ-யில் கணக்குப் போட்டிருந்தேன். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை அது எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்கிறது. எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. 07 வரை தற்செயலாகத்தான் தப்பித்து வந்திருக்கிறது. தீர்வு எளிது: முன்னால் 1 சேர்த்து 108 ஆக்கி, அதிலிருந்து 100 கழித்துவிட வேண்டும். கோப்புகள் 001, 002 என்று இருப்பதால் செண்பகத்துக்கும் இது ஒரு நாள் வரும்.

இரண்டாவது, அவருடைய வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ளது. வெறும் ஃபார் வைத்து (*.பிடிஎஃப்) என்று கொடுத்து அதே ஃபோல்டருக்குள் பெயர் மாற்றினேன். சில கோப்புகளுக்கு முன்னொட்டு இரண்டு முறை ஒட்டிக்கொண்டது. வெறும் ஃபார் பட்டியலை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு ஓடுவதில்லை. ஓட ஓட ஃபோல்டரைப் படிக்கிறது, புதுப் பெயர் பெற்ற கோப்பு மறுபடியும் கண்ணில் பட்டால் அதையும் எடுத்துக்கொள்கிறது. /எஃப்-க்குள், பெயர்களை மட்டும் பட்டியலிடும் "டிர் /பி" கட்டளையைக் கொடுத்தால் முதலில் பட்டியல் முழுவதும் வந்துவிடும், அப்புறம்தான் முதல் சுற்று தொடங்கும். பெயர் மாற்றுவதற்கும் அழிப்பதற்கும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கருந்திரை

வேலவன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரென் (பெயர் மாற்று), டெல் (அழி), மூவ் (நகர்த்து) இந்த மூன்றுக்கும் முன்னால் எக்கோ போட்டு ஒருமுறை வெறும் ஓட்டம் ஓட்டுங்கள். என்ன செய்யப்போகிறது என்பதைத் திரையில் எழுதும், கோப்பைத் தொடாது. வெளியீட்டை ஒரு கோப்பில் இறக்கி மேலிருந்து கீழ் வரை கண்ணால் பாருங்கள். திருப்தியான பிறகுதான் எக்கோவை நீக்க வேண்டும். டபுள் கிளிக் செய்து ஓட்ட வேண்டாம், பிழை வந்தால் ஜன்னல் மூடிவிடும். பிராம்ப்டைத் திறந்து அதிலிருந்து ஓட்டுங்கள்.

செண்பகம்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். நானே எழுதியது இது:

@எக்கோ ஆஃப்
ஃபார் /டி %%டி இன் (*) டூ (
  ஃபார் /எஃப் "டெலிம்ஸ்=" %%எஃப் இன் ('டிர் /பி /ஏ-டி "%%டி\*.பிடிஎஃப்"') டூ (
    எக்கோ ரென் "%%டி\%%எஃப்" "%%டி_%%எஃப்"
  )
)

டெலிம்ஸ்= என்று வெறுமையாக விட்டதற்குக் காரணமும் தெரிந்துகொண்டேன். அது இல்லாவிட்டால் இடைவெளி உள்ள பெயரில் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஐயா சொன்னபடி வெளியீட்டைக் கோப்பில் இறக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, மூன்று ஃபோல்டர்களைத் தவிர. அவற்றில் சில கோப்புகளுக்கு யாரோ தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த இடங்களில் "????.பிடிஎஃப்" என்று வருகிறது. ஓட்டிவிடலாமா, அவற்றை மட்டும் அப்புறம் கையால் மாற்றிக்கொள்ளட்டுமா?

கருந்திரை

ஓட்டாதீர்கள்! நல்லவேளை கேட்டீர்கள்.

கேள்விக்குறி ரென் கட்டளைக்கு வெறும் எழுத்து கிடையாது. "இந்த இடத்தில் எந்த எழுத்தும் இருக்கலாம்" என்று அர்த்தம். "????.பிடிஎஃப்" என்று போனால் அந்தத் தமிழ்ப் பெயரோடு நிற்காது. அதே ஃபோல்டரில் இருக்கும் 001, 002 எல்லாமே அதற்குப் பொருந்தும். எந்தக் கோப்பு எந்தப் பெயரில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கேள்விக்குறி வரக் காரணம் கோட் பேஜ், அதாவது கட்டளைத் திரைக்குத் தெரிந்த எழுத்துகளின் அட்டவணை. டிர் தரும் பட்டியல் /எஃப்-க்கு வரும் வழியில் கன்சோலின் கோட் பேஜுக்கு மாற்றப்படுகிறது. அதில் தமிழ் எழுத்து இல்லாததால் கேள்விக்குறியாகிவிடுகிறது. ஃபோல்டர் பெயர் அந்த வழியில் வரவில்லை, நேராக /டி-யிலிருந்து வருகிறது, அதனால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. விண்டோஸ் 10, 11இல் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் "சிஹெச்சிபி 65001" என்று ஒரு வரி சேருங்கள், அது யுடிஎஃப்-8, தமிழ் எழுத்துகளும் அடங்கிய குறியீட்டு முறை. ஃபான்ட் காரணமாகத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம், வெளியீட்டைக் கோப்பில் இறக்கி நோட்பேடில் பார்த்தால் தமிழ் சரியாக இருக்கும். ஒரு கேள்விக்குறிகூட இல்லை என்று உறுதிசெய்த பிறகு ஓட்டுங்கள். முதலில் அந்த மூன்று ஃபோல்டர்களின் நகல் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள்.

"டெலிம்ஸ்=" இருக்கும் இடத்தை "இஓஎல்=: டெலிம்ஸ்=" என்று மாற்றிவிடுங்கள். இயல்பாக அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை /எஃப் தாண்டிப் போய்விடும். கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி வரவே முடியாது, ஆகவே அதைக் கொடுத்துவிட்டால் எந்தப் பெயரும் தவறாது.

செண்பகம்

முடிந்தது ஐயா. நகலில் இரண்டு முறை, அப்புறம் அசலில். எண்ணிக்கையும் ஒத்துப்போகிறது. 34 ஃபோல்டரும் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த எக்கோவை நீக்கும்போது கை நடுங்கியது உண்மை.

அடுத்து ஒரு பட்டியல் இருக்கிறது. "1042,ரசீது,மார்ச்" என்று கமா போட்ட வரிகள். முதல் பகுதியும் மூன்றாவது பகுதியும் வேண்டும். "டோக்கன்ஸ்=1,3 டெலிம்ஸ்=," என்று போட்டு %%ஏ, %%பி என்று எடுத்தேன், சரியாக வந்தது. ஆனால் சில வரிகளில் மாதம் வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

நெய்தல்

அந்த வரிகளில் நடுப்பகுதி காலியாக, "1042,,மார்ச்" என்று இருக்கும், பாருங்கள். /எஃப் அடுத்தடுத்து வரும் இரண்டு கமாவை ஒன்றாகத்தான் எண்ணும். அதனால் மார்ச் இரண்டாவது டோக்கனாகிவிடுகிறது (பிரித்தெடுத்த ஒவ்வொரு பகுதியும் ஒரு டோக்கன்), மூன்றாவது கிடையாது. முழு வரியை ஒரு மாறியில் எடுத்து, ஒவ்வொரு கமாவுக்கும் பின்னால் ஓர் அடிக்கோடு சேர்த்துவிட்டு, அந்தச் சரத்தை இன்னொரு /எஃப்-இல் பிரியுங்கள். காலியான இடத்தில் அடிக்கோடாவது இருக்கும், டோக்கன் நகராது. எடுத்த பிறகு மூன்றாவது பகுதியின் முதல் எழுத்தை வெட்டிவிடலாம். சரத்துக்குள் மாற்றுவது எப்படி என்று "செட் /?" உதவியில் இருக்கிறது.

செண்பகம்

ஆமாம், நடுப்பகுதி காலியாக இருக்கும் வரிகள்தான். "செட் /?" இறக்கிவிட்டேன். இன்று ஒரு பத்தி, ஓர் ஓட்டம்.